வயிற்றோட்டத்தின் வேலூர் வரலாறு

தமிழ்நாட்டில் கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் ஒரு காலத்தில் உரைகல் இல்லாமல் இருக்காது. வசம்பைச் சுட்டு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு என்று ஒவ்வொன்றையும் தாய்ப்பால் விட்டு அந்தக் கல்லில் இழைத்து, விரல் நுனியால் எடுத்துக் குழந்தையின் நாக்கில் தடவுவார்கள். வயிறு உப்பினாலும், பால் கக்கினாலும், பேதியானாலும் முதல் மருந்து அதுதான். அதற்கும் அடங்காவிட்டால் மாந்தம் என்று நாட்டு வைத்தியரிடம் போவார்கள். எதையோ விழுங்கிவிட்டது என்று தொக்கம் எடுப்பவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவதும் உண்டு. இவற்றைவிடப் பெரிய கேடு வந்தது இன்னொரு பழக்கத்தால். பேதி நிற்கும்வரை குழந்தைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்று பல வீடுகளில் கண்டிப்பாக இருந்தார்கள். உள்ளே போவது நின்றால் வெளியே போவதும் நின்றுவிடும் என்று கணக்குப் போட்டார்கள்.

அந்தக் கணக்குதான் குழந்தைகளைக் கொன்றது. வயிற்றோட்டத்தில் சாகும் குழந்தை பெரும்பாலும் கிருமியால் நேரடியாகச் சாவதில்லை. உடம்பிலிருந்து நீரும் உப்பும் வெளியேறிவிடுவதால் சாகிறது. உச்சிக்குழி பள்ளம் விழும். கண்கள் உள்வாங்கும். அழுதால் கண்ணீர் வராது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு மடிப்பாகவே நிற்கும். ஐந்து கிலோ எடையுள்ள குழந்தை அரைக் கிலோ நீரை இழந்தாலே உயிருக்கு ஆபத்து. ஊர்ப் பாட்டிகள் மட்டும் தவறு செய்தார்கள் என்றும் சொல்ல முடியாது. குடலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று மருத்துவர்களே பாலையும் உணவையும் நிறுத்தச் சொன்ன காலமும் இருந்தது.

இந்த எண்ணம் மாறியதில் வங்காளத்துக்குப் பெரும் பங்கு உண்டு. குடலின் உட்சுவரில் சர்க்கரையும் உப்பும் கைகோத்தே உள்ளே போகின்றன என்ற விளக்கத்தை 1960-இல் ராபர்ட் கிரேன் என்ற ஆய்வாளர் முன்வைத்தார். வயிற்றோட்டம் கடுமையாக இருக்கும்போதும் அந்த வழி அடைபடுவதில்லை. அதனால் உப்பையும் குளுக்கோஸையும் சரியான அளவில் கலந்து குடிக்கக் கொடுத்தால் கூடவே தண்ணீரும் உடம்பில் ஏறும். மருத்துவர்கள் டேவிட் நேலினும் ரிச்சர்ட் கேஷும் 1968-இல் கிழக்கு வங்காளத்தின் காலரா நோயாளிகளிடம் இதைச் செய்து காட்டினார்கள். 1971-இல் வங்கதேசப் போரில் அகதிகள் வந்து குவிந்த போன்கான் முகாமில் காலரா பரவியபோது, நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோயின. கொல்கத்தாவிலிருந்து போயிருந்த மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் பாக்கெட்டுகளில் தூள் அடைக்கச் சொன்னார். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. தண்ணீரில் கரைத்துக் குடம் குடமாக வைத்தார்கள். உறவினர்களே குவளையில் மொண்டு நோயாளிகளுக்குப் புகட்டினார்கள். முப்பது சதவீதம் வரை போயிருந்த சாவு, இந்த முறையில் 3.6 சதவீதமாக இறங்கியது.

இன்று மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். என்று கேட்டு வாங்கும் பாக்கெட்டுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கதைதான். அது நோயை நிறுத்தாது; குழந்தையைச் சாகவிடாமல் வைத்திருக்கும். குழந்தைக்கு ஏன் வயிற்றோட்டம் வருகிறது, வந்த குழந்தைக்கே ஏன் திரும்பத் திரும்ப வருகிறது, வராமல் தடுக்க வழி என்ன என்ற கேள்விகள் மிச்சம் இருந்தன. அவற்றுக்கு விடை தேடிய இடங்களில் வேலூரும் ஒன்று. அங்கே அரை நூற்றாண்டாகக் கற்றதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு செய்தி தெளிவாகிறது. ஓர் ஊரில் பலித்த மருந்து இன்னோர் ஊரின் குடலில் எப்படி வேலை செய்யும் என்பதை அந்த ஊரிலேயே, அந்தக் குழந்தைகளிடமே பார்த்தாக வேண்டும்.

மருத்துவர் ஐடா ஸ்கடர் வேலூரில் 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனை, இருபதாம் நூற்றாண்டின் நடுவில் சி.எம்.சி. (கிறித்துவ மருத்துவக் கல்லூரி) என்று ஊரே அழைக்கும் பெரிய நிறுவனமாகிவிட்டது. அங்கே செல்வின் பேக்கர் தலைமையில் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையின் உதவியோடு குடல் ஆய்வு நடந்தது. 1960-களின் தொடக்கத்தில் வட ஆர்க்காடு மாவட்டத்துக் கிராமங்களில் ஒரு விசித்திரமான நோய் பரவியது. முதலில் சாதாரண வயிற்றோட்டம்போல வரும். ஆனால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீடிக்கும். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. நாக்கு புண்ணாகும், இரத்தம் குன்றும், ஆள் எலும்பும் தோலுமாக இளைப்பார். வெப்பநாட்டு ஸ்ப்ரூ என்று மருத்துவ நூல்களில் பெயர் பெற்ற இந்த நோய் கொள்ளைநோயாகக் கிராமம் கிராமமாகத் தாவியதையும், பலர் இறந்ததையும் பேக்கரும் அவரோடு பணியாற்றிய வி.ஐ. மாத்தனும் பதிவு செய்தார்கள்.

அந்தத் தேடலின் நடுவே அவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். நோயாளியின் குடலோடு ஒப்பிட வேண்டுமென்றால் ஆரோக்கியமானவரின் குடல் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். சிறுகுடலின் உட்சுவரில் விரல்கள்போல எழுந்து நிற்கும் நுண்ணிய உறிஞ்சிகள் உண்டு. உண்ட உணவின் சத்து இவற்றின் வழியாகத்தான் இரத்தத்தில் சேர்கிறது. எந்த நோயும் இல்லாத, வயலுக்குப் போய் உழைத்துவந்த தென்னிந்தியர்களிடமும் இவை விரல்போல நிற்காமல் தட்டையாகி, ஒன்றோடொன்று ஒட்டி இருந்தன. பிறவியிலேயே அப்படியா என்ற கேள்வி எழுந்தது. செத்துப் பிறந்த சிசுக்களின் குடலையும் பார்த்தார்கள். அவற்றில் உறிஞ்சிகள் ஒழுங்காக விரல்போல நின்றன. பிறந்த பிறகு, வாழும் சூழலில் ஏதோ ஒன்று குடலைத் தேய்க்கிறது. 1969-இல் வெளியான இந்த முடிவின் கனம் அப்போது யாருக்கும் முழுதாகத் தெரிந்திருக்காது. நாற்பது ஆண்டுகள் கழித்துத் தடுப்பு மருந்து வந்தபோது இதே தேய்ந்த குடல் குறுக்கே வந்து நின்றது.

குழந்தை வயிற்றோட்டத்தின் முக்கியக் கிருமி சிக்கியது மெல்பர்னில். அங்கிருந்த குழந்தைகள் மருத்துவமனையில் ரூத் பிஷப் என்ற நுண்ணுயிரியலாளர், பேதியில் வாடும் குழந்தைகளின் மலத்தில் பாக்டீரியாவைத் தேடித் தேடி அலுத்துப்போயிருந்தார். பெரும்பாலான குழந்தைகளிடம் எதுவும் அகப்படவில்லை. 1973-இல் அவரும் சக ஆய்வாளர்களும் குழந்தைகளின் சிறுகுடல் திசுவின் துணுக்கை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, சக்கரம்போல வட்டமான வைரஸ்கள் செல்களுக்குள் நிறைந்திருந்தன. ரோட்டா வைரஸ் என்ற பெயர் சீக்கிரமே நிலைத்துவிட்டது. மறு ஆண்டே, 1974-இல், மெல்பர்ன் குழுவைச் சேர்ந்த இயன் ஹோம்ஸும் வேலூரின் மின்னி மாத்தன், பேக்கர் முதலியவர்களும் சேர்ந்து ‘லான்செட்’ இதழில் ஒரு குறிப்பு வெளியிட்டார்கள். வேலூர்க் குழந்தைகளின் மலத்திலும் அதே வைரஸ் இருந்தது.

இந்தக் கிருமிக்கு ஏழை, பணக்காரர் என்ற பேதம் கிடையாது. கைகழுவும் நாட்டிலும் கழுவாத நாட்டிலும் ஐந்து வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் ஒரு முறையாவது தொற்றிவிடும். மருத்துவமனை எவ்வளவு தூரம், சலைன் ஏற்ற ஆள் இருக்கிறாரா, குழந்தை ஏற்கெனவே எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பவையே பிழைப்பதையும் சாவதையும் தீர்மானித்தன. தடுப்பு மருந்து வருவதற்கு முன் அமெரிக்காவில் ரோட்டா வைரஸால் ஆண்டுக்கு 20 முதல் 60 குழந்தைகள் இறந்தார்கள். இந்தியாவில் அந்தக் கணக்கு ஏறக்குறைய 78,000.

ரோட்டா வைரஸ் கண்டறியப்பட்ட அதே ஆண்டுகளில் வேலூரில் இன்னொரு பாடமும் கிடைத்தது. அது போலியோவைப் பற்றியது. டி. ஜேக்கப் ஜான் என்ற குழந்தை மருத்துவர் சி.எம்.சி.யில் வைரஸ் ஆய்வகம் அமைத்திருந்தார். போலியோ சொட்டு மருந்து மூன்று தவணை கொடுத்தால் போதும் என்பது மேலைநாடுகளின் அனுபவம். வேலூரில் மூன்று தவணை முடித்த குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தபோது, பலரிடம் போதிய எதிர்ப்பாற்றல் உண்டாகவே இல்லை. மருந்து கெட்டுப்போயிருக்கும், குளிர்பதனம் சரியில்லாமல் இருந்திருக்கும் என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. ஜான் அப்படிக் கடந்து போகவில்லை. நல்ல மருந்தைக் கொடுத்தும் இங்குள்ள குழந்தைகளின் குடலில் அது சரியாக வேரூன்றவில்லை என்று 1970-களின் தொடக்கத்திலேயே எழுதினார். தவணைகளைக் கூட்ட வேண்டும், ஊர் முழுவதும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும் என்று வாதாடினார். அப்படி ஒரே வீச்சில் சொட்டு மருந்து கொடுத்து வேலூரில் போலியோவைக் கட்டுப்படுத்திய விவரம் 1983-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. பின்னாளில் நாடு முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்த போலியோ முகாம்களுக்கு முன்னோடி அது.

வாய்வழி கொடுக்கும் மருந்து ஏழைக் குழந்தையின் குடலில் தடுமாறும் என்ற எச்சரிக்கை, ஆக, ரோட்டா வைரஸ் மருந்து வருவதற்கு வெகு முன்பே வேலூரில் கிடைத்துவிட்டது.

ரோட்டா வைரஸுக்கான முதல் தடுப்பு மருந்து ரோட்டாஷீல்ட், ஆகஸ்ட் 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஓராண்டுக்குச் சற்று மேல்தான் தாங்கியது. மருந்து வாங்கிய சில குழந்தைகளுக்குக் குடல் செருகல் வந்தது. உள்பக்கம் மடிந்துபோன சட்டைக் கைபோல, குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும் நிலை அது. குழந்தை காலை மடக்கிக்கொண்டு விட்டுவிட்டு வீறிடும். மலத்தில் சளியும் இரத்தமும் வரும். கவனிக்காவிட்டால் குடல் அழுகிவிடும். ஏறக்குறைய 10,000 குழந்தைகளில் ஒருவருக்கு இப்படி ஆகும் என்று கணக்கிட்டார்கள். 1999 அக்டோபரில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்காவுக்கு அது சரியான முடிவு. ஆனால் உலகெங்கும் ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் ரோட்டா வைரஸால் இறந்துகொண்டிருந்த காலம் அது. பணக்கார நாட்டில் ஆபத்தானது என்று ஒதுக்கியதை ஏழை நாட்டில் கொடுக்க எந்த அரசும் துணியவில்லை. அடுத்த தலைமுறை மருந்துகளான ரோட்டாரிக்ஸையும் ரோட்டாடெக்கையும், தலா 60,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்த பிறகே 2006 வாக்கில் வெளியே விட்டார்கள். அவற்றின் விலை இந்தியத் தடுப்பூசித் திட்டத்துக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

இந்தியாவின் மருந்து டெல்லியில் பிறந்தது. எய்ம்ஸ் மருத்துவமனையில் 1980-களின் நடுவில் பச்சிளங்குழந்தைகளின் மலத்தைச் சோதித்த எம்.கே. பான் குழுவினர், பலரிடம் ரோட்டா வைரஸ் இருந்தும் ஒருவருக்கும் வயிற்றோட்டம் இல்லாததைக் கவனித்தார்கள். மனிதரைத் தொற்றும் வைரஸில் மாட்டு வைரஸின் மரபணு ஒன்று இயற்கையாகவே கலந்து உருவான வகை அது. அதற்கு 116இ என்று பெயரிட்டார்கள். பிறந்தவுடன் இது தொற்றிய குழந்தைகளுக்குப் பின்னாளில் ரோட்டா வயிற்றோட்டம் குறைவாகவே வந்தது. இயற்கையே போட்ட தடுப்பு மருந்து என்று சொல்லலாம். அந்த வைரஸை வளர்த்து, அமெரிக்க ஆய்வாளர்களின் துணையோடு, ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் நிறுவனம் மருந்தாக்கியது. ஒரு தவணையை ஒரு டாலருக்குத் தருவதாக நிறுவனம் ஒப்புக்கொண்டது.

டெல்லியில் கண்டது எல்லா ஊருக்கும் பொருந்துமா? வேலூரிலும் பச்சிளங்குழந்தைகளிடையே ஒரு ரோட்டா வைரஸ் சுற்றிக்கொண்டிருந்தது. அதுவும் மாட்டு வைரஸின் மரபணுக்கள் கலந்ததுதான். ஆனால் அது தொற்றிய குழந்தைகளுக்குப் பின்னாளில் எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை என்று 2007-இல் வேலூர்க் குழு எழுதியது. இரண்டு ஊர்கள், இரண்டு உறவுக்கார வைரஸ்கள், இரண்டு வேறு முடிவுகள்.

இந்த முடிவைச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அதற்கு முன்பே வேலூரின் சந்துகளில் தொடங்கியிருந்த ஒரு நீண்ட வேலை. அதை நடத்தியவர் ககன்தீப் காங். சிம்லாவில் பிறந்து, வேலூரில் மருத்துவம் படித்து, அங்கேயே குடல் கிருமிகளின் ஆய்வாளராக நிலைத்தவர். 2019-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியப் பெண் விஞ்ஞானியும் அவர்தான். நகரின் மேற்குப் பகுதியில் சின்னஅல்லாபுரம், ராமநாயக்கன்பாளையம், கஸ்பா ஆகிய பகுதிகள் நெருக்கமான குடியிருப்புகள். பீடி சுற்றுவதுதான் பல வீடுகளின் பிழைப்பு. மடியில் முறத்தை வைத்து இலை வெட்டித் தூள் அடைத்து நூல் கட்டும் கைகளே குழந்தைக்குச் சோறும் ஊட்டும். அங்கே மார்ச் 2002 முதல் ஆகஸ்ட் 2003 வரை பிறந்த 452 குழந்தைகளைப் பிறந்தது முதலே ஆய்வில் சேர்த்தார்கள். அவர்களில் 373 பேரை மூன்று வயது நிறையும்வரை விடாமல் பின்தொடர்ந்தார்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு, வாரத்துக்கு இரண்டு முறை களப்பணியாளர் ஒவ்வொரு வீட்டுக்கும் போவார். குழந்தைக்குக் காய்ச்சல் உண்டா, பேதி உண்டா, எத்தனை முறை என்று தாயிடம் கேட்டுக் குறித்துக்கொள்வார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மல மாதிரி எடுக்க வேண்டும். பேதி வந்தால் அப்போதும் எடுக்க வேண்டும். சொல்வது எளிது. குழந்தை எப்போது மலம் கழிக்கும் என்று யாருக்குத் தெரியும்? வேலையைப் போட்டுவிட்டு அதை எடுத்து வைத்துக் கொடுக்கும் பொறுப்பு தாய்மார்கள் தலையில் விழுந்தது. குடும்பம் வேறு தெருவுக்குக் குடிபோனால் தேடிப் போக வேண்டும். இந்தப் பெண்களின் பொறுமை இல்லாமல் எந்த ஆய்வுக்கட்டுரையும் எழுதப்பட்டிருக்காது. கட்டுரைகளில் அவர்கள் பெயர் இருப்பதில்லை.

2011-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் முடிவுகள் வந்தன. அதற்கு முன்பே, 1996-இல், மெக்சிகோவில் 200 குழந்தைகளிடம் இதேபோன்ற ஆய்வு நடந்திருந்தது. இரண்டு முறை இயற்கையாகத் தொற்று வந்து போன குழந்தைக்கு அதன்பின் கடுமையான ரோட்டா வயிற்றோட்டம் வருவதே இல்லை என்று அது சொன்னது. இரண்டு மூன்று தவணை மருந்து கொடுத்தால் போதும் என்ற நம்பிக்கைக்கு அந்த ஆய்வு பெரிய ஊன்றுகோல். வேலூர் வேறு கதை சொன்னது. ஆறு மாத வயதுக்குள்ளேயே 56 சதவீதக் குழந்தைகளுக்குத் தொற்று வந்துவிட்டது. ஒரே குழந்தைக்குத் திரும்பத் திரும்ப வந்தது. மூன்று முறை தொற்றிய பிறகும் மிதமான, கடுமையான நோயிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 79 சதவீதம்தான். நிஜமான வைரஸே மூன்று முறை வந்து போயும் முழுப் பாதுகாப்பு கிடைக்காத இடத்தில், வலுவிழக்கச் செய்த வைரஸைக் கொண்ட மருந்து நூற்றுக்கு நூறு காப்பாற்றும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அதே 2011-இல் இந்திய மருந்தின் இறுதிக்கட்டச் சோதனை டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் தொடங்கியது. 6,799 குழந்தைகள் சேர்ந்தார்கள். 2013 மே மாதம் அறிவிக்கப்பட்ட முடிவு, கடுமையான ரோட்டா வயிற்றோட்டத்தை மருந்து பாதிக்குச் சற்று மேல், சுமார் 55 சதவீதம், தடுத்ததாகக் காட்டியது. பாதிதானா என்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் ஐரோப்பாவில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் காத்த ரோட்டாரிக்ஸ், ஆப்பிரிக்காவின் மலாவியில் 49 சதவீதம்தான் காத்தது. வங்கதேசத்திலும் வியட்நாமிலும் சோதித்த ரோட்டாடெக்கும், இரு நாடுகளையும் சேர்த்துப் பார்த்தால், 50 சதவீதத்தை ஒட்டியே நின்றது. இந்திய மருந்து மட்டமானதல்ல. நோய் குவிந்திருக்கும் இடங்களில் எல்லா மருந்துகளின் பலனும் இப்படித்தான் குறைகிறது. பாதியைத் தடுப்பதும் சின்ன விஷயம் அல்ல. ஆண்டுக்கு 78,000 சாவுகள் நடந்துவந்த நாட்டில் பாதி என்பது ஆயிரக்கணக்கான வீடுகள்.

ஏன் பாதிதான் என்ற கேள்விக்குப் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் கண்ட தேய்ந்த குடல் ஒரு விடை. மருந்து வேலை செய்ய வேண்டிய இடமே பிறந்த சில மாதங்களில் வீங்கி, கிருமிகளோடு ஓயாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள்கள் மருந்து வைரஸை முளையிலேயே அடக்குவது இன்னொரு காரணம். துத்தநாகமும் நன்மை செய்யும் பாக்டீரியாவும் கொடுத்தால் மருந்தின் பலன் கூடுமா என்றுகூட வேலூரில் சோதித்துப் பார்த்தார்கள். குறிப்பிடும்படியான மாற்றம் கிடைக்கவில்லை.

தண்ணீரைச் சுத்தமாக்கினால் போதாதா என்று எவருக்கும் தோன்றும். அதையும் வேலூரில் பார்த்தாயிற்று. சில நாள்களுக்கு ஒரு முறை வரும் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் குடத்திலும் டிரம்மிலும் சேர்த்து வைப்பது இங்கே வழக்கம். சேர்த்து வைக்கும்போதுதான் தண்ணீர் மேலும் கெடுகிறது என்று 2004-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பித்தளைப் பாத்திரத்தில் வைத்த தண்ணீரில் மட்டும் கிருமி குறைந்திருந்தது; பித்தளையிலுள்ள செம்பு கிருமிகளைக் கொல்லும். பிளாஸ்டிக் குடம் வந்து பித்தளைக் குடத்தை வீட்டைவிட்டுத் துரத்தியதில் இந்த இழப்பும் சேர்ந்திருக்கிறது. ஆனால் இன்னோர் ஆய்வில், சுத்திகரித்துப் புட்டியில் அடைத்த குடிநீரைக் குடித்த குழந்தைகளுக்கும் குழாய்த் தண்ணீர் குடித்த குழந்தைகளுக்கும் பேதியில் வித்தியாசம் தெரியவில்லை. குடிக்கும் தண்ணீர் ஒன்றை மட்டும் சுத்தமாக்கினால், வாசலில் ஓடும் சாக்கடையும், தரையில் தவழும் குழந்தையின் கைகளும், பாத்திரம் கழுவும் நீரும் மிச்சம் இருக்கின்றன.

நோய் வந்த பிறகான வைத்தியத்திலும் வேலூருக்குப் பங்கு உண்டு. சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல்வரை போகும் மாவுச்சத்தை அங்குள்ள பாக்டீரியா புளிக்கவைக்கும். அதில் உண்டாகும் அமிலங்கள் உப்பையும் நீரையும் உறிஞ்ச உதவும். அப்படிப்பட்ட மக்காச்சோள மாவை ஓ.ஆர்.எஸ். கரைசலில் கலந்து கொடுத்தபோது காலரா நோயாளிகளின் பேதி சீக்கிரம் அடங்கியது என்று பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் 2000-இல் எழுதினார்கள். பின்னர் குழந்தைகளிடமும் அது பலன் தந்தது. வடித்த சோறு ஆறும்போது அதிலும் இவ்வகை மாவுச்சத்து கூடுகிறது. பேதிக்குக் கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டுக் கொடுத்த வீடுகள், தண்ணீரை நிறுத்திய வீடுகளைவிடச் சரியான வழியில் இருந்தன.

ரோட்டாவாக் என்ற பெயரில் இந்திய மருந்து 2016-இல் ஆந்திரம், ஒடிசா, அரியானா, இமாச்சலம் ஆகிய நான்கு மாநிலங்களின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. தமிழ்நாட்டுக்கு 2017-இல் வந்தது. 2019-க்குள் ரோட்டா வைரஸ் மருந்து நாடு முழுவதும் பரவியது. இப்போது ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால் 6, 10, 14-ஆம் வாரங்களில் வாயில் விடுகிறார்கள். குடல் செருகல் பற்றிய அச்சத்தையும் சும்மா விட்டுவிடவில்லை. ஏப்ரல் 2016 முதல் ஜூன் 2019 வரை பல மாநில மருத்துவமனைகளில் குடல் செருகலோடு வந்த குழந்தைகளை ஒவ்வொருவராகக் கணக்கெடுத்தார்கள். மருந்துக்கும் அந்த நோய்க்கும் தொடர்பு தெரியவில்லை என்று 2020-இல் அறிவித்தார்கள். இந்தக் கண்காணிப்பை வழிநடத்தியவர்களிலும் வேலூர்க் குழுவினர் இருந்தார்கள்.

ரோட்டா வைரஸ் ஒன்றை ஓரளவு கட்டினாலும் மற்றவை காத்திருக்கின்றன. எட்டு நாடுகளில் ஒரே முறையில் நடந்த மால்-எட் என்ற பெரிய ஆய்வில் இந்தியாவின் களம் வேலூர்தான். 2010 முதல் 2012 வரை அங்கே 251 பச்சிளங்குழந்தைகளைச் சேர்த்து, கிருமி, உணவு, உயரம், எடை, பேச்சு, அறிவு வளர்ச்சி என்று எல்லாவற்றையும் அளந்தார்கள். பேதியே இல்லாத நாள்களிலும் இக்குழந்தைகளின் மலத்தில் கிருமிகள் இருந்தன. வெளியே தெரியாத இந்த ஓயாத தொற்று குழந்தையின் உயரத்தைக் குறைக்கிறது என்பது அந்த எட்டு நாடுகளிலிருந்தும் கிடைத்த செய்தி. ஷிகெல்லாவுக்கும் கிரிப்டோஸ்போரிடியத்துக்கும் நோரோ வைரஸுக்கும் தடுப்பூசித் திட்டத்தில் இன்னும் மருந்து இல்லை.

ரோட்டா மருந்தையும் மேம்படுத்தப் பார்க்கிறார்கள். குடலைத் தவிர்த்துத் தசையில் ஊசியாகப் போடும் மருந்து ஒன்று ஆப்பிரிக்காவில் சோதிக்கப்பட்டது. சொட்டு மருந்தைவிட மேலாக இல்லாததால் 2022-இல் அந்தச் சோதனையை நிறுத்திவிட்டார்கள். மெல்பர்னில் பச்சிளங்குழந்தைகளிடம் கண்டெடுத்த வைரஸிலிருந்து செய்த இன்னொரு மருந்தைப் பிறந்த சில நாள்களுக்குள் கொடுக்கலாம். குடல் தேய்வதற்கு முன்பே கொடுக்கும் வழி அது. இந்தோனேசியாவில் அது நல்ல பலன் காட்டியதாக 2018-இல் செய்தி வந்தது. இந்தியக் குழந்தைகளுக்கு அது எப்படி வேலை செய்யும் என்பதை இந்திய ஊர்களில்தான் பார்க்க வேண்டும்.

மருந்து மட்டும் இதைத் தீர்க்காது என்பதை வேலூர் ஆய்வுகளே திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. மூடிய சாக்கடை, வீட்டுக்கு வீடு தினமும் வரும் குழாய், மலம் தெருவில் கலக்காத கழிப்பறை ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால்தான் பிறந்தவுடன் விரல்போல நிற்கும் அந்த உறிஞ்சிகள் தேயாமல் இருக்கும். 2002-இல் ஆய்வுக்குச் சேர்ந்த குழந்தைகள் இன்று இருபதுகளில் இருக்கிறார்கள். நாட்டின் தடுப்பு மருந்துக் கணக்கைத் திருத்தி எழுத அவர்களின் மூன்று வருட நோயும் அவர்கள் தாய்மாரின் மூன்று வருட உழைப்பும் பயன்பட்டன. அந்தத் தெருக்களுக்குத் தண்ணீரும் வடிகாலும் முதலில் போய்ச் சேர வேண்டும் என்று கேட்பது சலுகை அல்ல. மாநகராட்சியும் அரசும் அவர்களுக்குத் தர வேண்டிய பாக்கி.